ஒரு பொட்டலத்தின் இரு முனைகள்

2025 பொங்கல் விடுமுறையில் உறவுக்கூட்டம் முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. மாட்டுப் பொங்கலன்று காலை, வந்திருந்தவர்களில் ஒருவரின் மூன்று வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கடைக்கு ஓடிய பையன், அட்டைப்பெட்டியில் அடைத்த பழச்சுவைப் பானம் ஒன்றை வாங்கி வந்தான். பெட்டியின் முகப்பில் ஓ.ஆர்.எஸ். என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகள் அதைப் பிரிக்கப் போனாள். பி.பார்ம். ஐந்தாவது செமஸ்டர் முடித்து வந்திருந்த என் மகள் பெட்டியை வாங்கித் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படித்தாள்.

"பிரிக்காதே அக்கா. இது ஓ.ஆர்.எஸ். இல்லை. சர்க்கரை எக்கச்சக்கம், உப்பு போதாது. பவுடர் பாக்கெட்டா வாங்கிட்டு வரச் சொல்லு."

பொட்டலம் வந்தது. மகள் காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சரியாக ஒரு லிட்டர் அளந்து கரைத்தாள். கரண்டியைக் கையில் எடுத்தவள் நின்றாள். "எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்டாள். அந்த இடத்திலிருந்து அண்ணன் மகள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பிறகும் 100 முதல் 200 மில்லி, சிறிது சிறிதாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி, இன்னும் மெதுவாக. கண் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. துத்தநாக மாத்திரை 14 நாள். குழந்தையின் தாய்க்கு அவள் அதைச் சொன்ன நிதானம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

முப்பது ஆண்டுகள் பார்மசி கல்லூரியில் மருந்தியல் நடத்தியவன் நான். மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையோடும் நெடுநாள் பழகியவன். இரண்டு இளநிலைப் பட்டங்களிலும் 'பார்மகாலஜி' என்று ஒரே பெயரில் ஒரு பாடம் இருக்கிறது. திரிபாதி எழுதிய ஒரே தடித்த புத்தகத்தை இரு பக்கத்து மாணவர்களும் சுமக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான் இரண்டுக்கும் பட்டம் தருகிறது. ஆனால் பாடம் ஒன்றல்ல. அன்று காலை எங்கள் கூடத்தில் ஒரு பொட்டலத்தின் இரு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்திருந்தார்கள். ஒருத்தியின் கையில் இருந்தது மற்றவளிடம் இல்லை. இந்த இரண்டு படிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றே தோன்றியது.

நாள்காட்டியில்

பி.பார்ம். நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். மருந்தியல் நான்கு, ஐந்து, ஆறாவது செமஸ்டர்களில் மூன்று தாள்களாக வருகிறது. தாளுக்கு 45 மணி நேர வகுப்பு. மூன்று செமஸ்டரிலும் வாரம் 4 மணி நேரச் செய்முறை. வகுப்பும் செய்முறையும் கூட்டினால் 300 மணி நேரத்தை ஒட்டி வரும்.

எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, அதன் மேல் ஓராண்டு பயிற்சி மருத்துவம். மருந்தியல் இரண்டாம் கட்டத்தில், நோய்க்குறியியலோடும் நுண்ணுயிரியலோடும் தோளுரசி வருகிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம் அதற்கு ஒதுக்கியது 230 மணி நேரம். அதில் விரிவுரை 80, சிறு குழு வகுப்பும் செய்முறையும் 138, மாணவர் தாமே படிப்பது 12.

இந்தக் கணக்கைச் சொன்னால் நம்பாதவர்களே அதிகம். மருந்தை எழுதிக் கொடுக்கப் போகிறவரைவிட, எடுத்துக் கொடுக்கப் போகிறவர் வகுப்பறையில் மருந்தியலை அதிக நேரம் படிக்கிறார். "டாக்டர் சீட் கிடைக்கலையா?" என்று பி.பார்ம். மாணவர்களிடம் கல்யாண வீடுகளில் கேட்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் மணிக்கணக்கு முழு உண்மை ஆகாது. எம்.பி.பி.எஸ். மாணவிக்கு மருந்தியல் தேர்வோடு முடிவதில்லை. காலையில் வார்டுக்குப் போகிறாள். மதியம் வகுப்பில் கேட்ட ஃப்ரூசமைடு, மறுநாள் காலை கால் வீங்கிய ஒரு தாத்தாவின் கட்டில் அட்டையில் எழுதியிருக்கிறது. அடுத்த ஆண்டுகளில் பொது மருத்துவமும் குழந்தை மருத்துவமும் அதே மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கொண்டு வரும். பி.பார்ம். மாணவியோ ஆறாவது செமஸ்டரோடு தாளை மூடிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பீட்டா தடுப்பு மருந்துகள் தன்னியக்க நரம்பு மண்டலத்தோடு முதல் தாளில் வருகின்றன. அவற்றை இரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பது இரண்டாம் தாளில். அந்த மருந்துகள் ஆபத்தாகும் ஆஸ்துமா மூன்றாம் தாளில். ஒரே சங்கிலியின் மூன்று கண்ணிகள் ஒன்றரை ஆண்டுக்குச் சிதறிக் கிடக்கின்றன. என் மகளின் கதையும் இதுதான். ஓ.ஆர்.எஸ். பொடியை முதல் செமஸ்டரிலேயே தன் கையால் நிறுத்துத் தயாரித்தாள். வயிற்றுப்போக்குக்கான மருந்துகளைப் படிக்கப் போவது ஆறாவது செமஸ்டரில். அன்று கரண்டியோடு நின்றது அவள் குற்றமில்லை. பாடத்திட்டம் அவளை அந்த இடம்வரைதான் கொண்டு வந்திருந்தது.

இரண்டு நோட்டுப் புத்தகங்கள்

பண்டிகை முடிந்த மறுநாள் இருவரின் நோட்டையும் வாங்கி, ப்ரோப்ரனலால் எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

என் மகளின் பக்கத்தில் முதலில் ஒரு படம். இரண்டு வளையம் ஒட்டிய நாஃப்தலீன், அதிலிருந்து நீளும் பக்கச் சங்கிலி, கடைசியில் ஐசோப்ரொப்பைல் அமீன். அந்தத் தொகுதிதான் பீட்டா ஏற்பியைப் பிடிக்கிறது என்று அம்புக்குறி. கொழுப்பில் எளிதாகக் கரையும், அதனால் மூளைக்குள் போகும், அதனால் கெட்ட கனவு வரலாம் என்று ஒரு வரி. குடலிலிருந்து உடலுக்குள் போகும் வழியிலேயே கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது, விழுங்கியதில் கால்பங்குதான் இரத்தத்துக்கு வந்து சேரும் என்று இன்னொரு வரி. நரம்பில் 1 மில்லிகிராம் ஏற்றும் மருந்தை வாய்வழியாக 40 மில்லிகிராம் கொடுப்பது ஏன் என்பதற்கான விடை இந்த வரியில் தொடங்குகிறது.

அண்ணன் மகளின் பக்கத்தில் வேதிப் படம் இல்லை. நெஞ்சுவலி, ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க, தைராய்டு மிகைப்பில் படபடப்புக்கு, கை நடுக்கத்துக்கு என்று பயன்களின் பட்டியல். கீழே சிவப்பு மையில் எச்சரிக்கை: ஆஸ்துமாவா என்று கேள். சர்க்கரை நோயாளியா என்று கேள், ஏனென்றால் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். திடீரென்று நிறுத்தாதே, நெஞ்சுவலி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும்.

ஒரு பக்கம் மருந்திலிருந்து புறப்பட்டு மனிதரை நோக்கிப் போகிறது. இன்னொன்று மனிதரிலிருந்து புறப்பட்டு மருந்தை நோக்கி வருகிறது. பி.பார்ம். மருந்தியலுக்குக் கூடப்பிறந்தவை மருந்து வேதியியலும் மருந்து வடிவமைப்பும் மூலிகை மருந்தியலும். எம்.பி.பி.எஸ். மருந்தியலுக்கோ நோய்க்குறியியலும் வார்டும். ஒரு பாடம் எந்தப் பாடங்களுக்கு நடுவே வளர்கிறதோ அவற்றின் சாயல்தான் அதன் முகத்தில் படியும்.

எந்தப் பக்கம் மேல் என்று கேட்பதில் பொருளில்லை. கனவு கெடுகிறது என்று ஒரு நோயாளி சொல்லும்போது, கொழுப்பில் கரையாத அடினலாலுக்கு மாற்றலாமா என்று யோசிக்க முதல் பக்கம் வேண்டும். அவர் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கேட்க இரண்டாம் பக்கம் வேண்டும், ஏனென்றால் அடினலால் வெளியேறுவது அந்த வழியாக.

ஆய்வக மேசையில்

நான் படித்த காலத்தில் மருந்தியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தாலே புகை வாசனை. பளபளப்பான தாளை உருளையில் சுற்றி, மண்ணெண்ணெய்ப் புகையில் கரும்பட்டாக்குவோம். கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டொன்று 37 டிகிரிச் சூட்டில் டைரோடு கரைசலில் தொங்கும். அடியிலிருந்து காற்றுக் குமிழ் ஏறும். ஹிஸ்டமின் ஒரு சொட்டு விட்டதும் குடல் சுருங்கும். அதில் கட்டிய நெம்புகோல் கரித்தாளில் வெள்ளைக் கோடாக மேலே ஏறும். மருந்தை இரட்டிப்பாக்கினால் கோடு உயரும், ஆனால் இரட்டிப்பாக உயராது. ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு விட்டாலும் அசையாது. அளவுக்கும் விளைவுக்கும் உள்ள உறவை எந்தப் புத்தகமும் எனக்கு இப்படிக் கற்றுத் தரவில்லை. கடைசியில் தாளை அரக்கு வார்னிஷில் முக்கிக் காயவைத்து ரெக்கார்டில் ஒட்டுவோம்.

விலங்குகளை வதைக்காமல் கற்க வேண்டும் என்ற சரியான எண்ணத்தால் இன்று இரண்டு படிப்புகளிலும் அந்தக் காட்சி மாறிவிட்டது. மருத்துவப் படிப்பில் 2014-க்குப் பிறகு கணினி வழிப் பயிற்சி அதன் இடத்துக்கு வந்தது. பார்மசி கவுன்சிலின் பாடத்திட்டமும் விலங்குச் சோதனைகளை மென்பொருளிலும் காணொளியிலும் காட்டச் சொல்கிறது. மாற்றம் ஒன்றுதான். அதன் விளைவு இரண்டு பக்கமும் ஒன்றல்ல.

மருத்துவக் கல்லூரி, காலியான மேசையில் மனிதரை உட்கார வைத்தது. இன்றைய எம்.பி.பி.எஸ். மருந்தியல் செய்முறையில் தெளிவான கையெழுத்தில் மூலப்பெயரில் மருந்துச்சீட்டு எழுதுகிறார்கள். இன்னொருவர் எழுதிய சீட்டைத் தணிக்கை செய்கிறார்கள். மருந்து நிறுவனத்தின் விளம்பரத் தாளை எடுத்து, அதில் எது ஆதாரம், எது அலங்காரம் என்று பிரிக்கிறார்கள். ஒரே நோய்க்கான பல மருந்துகளைப் பலன், பாதுகாப்பு, பொருத்தம், விலை என்ற நான்கு தட்டில் வைத்து நிறுத்துத் தமக்கென ஒன்றைத் தேர்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வெளியிட்ட நல்ல மருந்துச்சீட்டு வழிகாட்டியிலிருந்து வந்த முறை இது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துத் தாய்க்கு விளக்குவதும் இதே பட்டியலில் உண்டு. அண்ணன் மகளின் நிதானம் இங்கிருந்து வந்தது.

பார்மசி கல்லூரியின் மருந்தியல் மேசையில் அப்படி யாரும் வந்து உட்காரவில்லை. பாடத்திட்டத்தில் கினிப்பன்றிக் குடலும், எலியின் கருப்பையும், நான்கு புள்ளி உயிர் மதிப்பீடும் அப்படியே இருக்கின்றன, திரையில். கோடு எப்போதும் அழகாக ஏறுகிறது. திசு சோர்ந்து போவதில்லை, கரைசல் ஆறுவதில்லை, கணக்குத் தப்புவதில்லை. தவறிலிருந்து கற்கும் வாய்ப்பு போய்விட்டது. கோழிக்கடையில் கழித்துப் போடும் குடலை வாங்கி வந்து உண்மையான உறுப்புத் தொட்டியை ஓட்டும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கும்பிடத் தோன்றும்.

மருத்துவப் பக்கம் இழந்ததும் ஒன்றுண்டு. ஒரு காலத்தில் எம்.பி.பி.எஸ். மாணவர்களும் மருந்தியல் செய்முறையில் கார்மினேட்டிவ் மிக்சர் கலந்தார்கள், களிம்பு குழைத்தார்கள். அது போனதோடு, மாத்திரை என்பது செய்யப்பட்ட ஒரு பொருள் என்ற உணர்வும் மங்கிவிட்டது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்துப் பொடித்து மூக்குக் குழாய் வழியே கொடுக்கச் சொல்லும் சீட்டுகள் அந்த மங்கலிலிருந்து வருகின்றன.

பட்டத்துக்குப் பிறகு

எம்.பி.பி.எஸ். முடித்தவர் மருந்தியலை ஒவ்வொரு நோயாளியிடமும் பயன்படுத்துவார். ஆனால் மருந்தியலையே தொழிலாக எடுப்போர் மிகக் குறைவு. எம்.டி. மருந்தியல் இடங்கள் கலந்தாய்வில் கடைசியாகத்தான் நிரம்பும். பி.பார்ம். முடித்தவருக்கு மருந்துக்கடை, மருந்தாலை, தரக் கட்டுப்பாடு, மருந்து ஒழுங்குமுறை, மருத்துவச் சோதனை என்று பல வாசல். எம்.பார்ம். மருந்தியல் படித்து ஆய்வுக்குப் போவோரும் உண்டு. அவர்களில் பலர் ஒரு நோயாளியின் கட்டிலருகே பத்து நாள் நின்றதில்லை. ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் 150 மணி நேரப் பயிற்சி ஒன்று இருக்கிறது. அது ஆலையாகவும் இருக்கலாம், மருத்துவமனையாகவும் இருக்கலாம். மருத்துவமனையைத் தேர்வோரின் கண்ணில் அந்த நான்கு வாரம் என்ன வெளிச்சத்தை ஏற்றுகிறது என்பதை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அங்கே மருந்தியலையே தனிப் பட்டமாகப் படிக்கலாம். பெரும்பாலும் மூன்று ஆண்டு. விரும்பினால் நடுவே ஓராண்டு தொழில்துறையில் வேலை. இறுதியாண்டில் சொந்த ஆய்வு. அது மருத்துவராகவோ மருந்தாளுநராகவோ உரிமம் தராது. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கேட்கக் கற்றுத் தரும். நம் ஊரில் அந்தக் கேள்வி பெரும்பாலும் முதுகலையில்தான் தனிப்பாடமாகிறது. அந்தப் பட்டத்தை இங்கே நகலெடுக்கச் சொல்லவில்லை. உரிமம் இல்லாத பட்டத்தை நம் நடுத்தரக் குடும்பங்கள் தாங்காது. ஆனால் அதன் சொந்த ஆய்வு என்ற பழக்கத்தை நம் எட்டாவது செமஸ்டர் திட்டப்பணி உண்மையாக எடுத்துக்கொண்டால் போதும். பல கல்லூரிகளில் அது முந்தைய ஆண்டு ஏட்டின் பிரதியாகிவிட்டது. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அதில் பொறுப்புண்டு.

முனைகள் சேர்ந்திருந்த காலம்

இந்த இரண்டு முனைகளும் பிறவியிலேயே பிரிந்தவை அல்ல. இந்திய மருந்தியலின் தந்தை என்று நாம் போற்றும் ராம் நாத் சோப்ரா மருத்துவர். 1921-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். அவர் தலைமையில் 1930-31-இல் இயங்கிய மருந்து விசாரணைக் குழுதான் சந்தையில் புரண்ட போலி மருந்துகளையும் பயிற்சியற்ற கைகளையும் ஆராய்ந்தது. 1940-இன் மருந்துச் சட்டத்துக்கும் 1948-இன் பார்மசி சட்டத்துக்கும் அடித்தளம் அந்தக் குழுவின் பரிந்துரைகள். மருந்தாளுநர் தொழில் இந்த நாட்டில் தலைநிமிர ஒரு மருத்துவர் வழி வகுத்தார்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதையும் அப்படித்தான். 1971-இல் வங்க எல்லையிலிருந்த பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸும் அவருடைய குழுவும் குளுக்கோஸையும் உப்பையும் சோடாவையும் தாங்களே நிறுத்துப் பாலிதீன் பைகளில் அடைத்து, கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு, அவர்கள் கவனித்தவர்களிடம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நிறுத்த கையும் ஊட்டிய கையும் அங்கே ஒரே குழுவின் கைகள்.

பிறகும் அந்தப் பொட்டலத்தை இரு தரப்பும் சேர்ந்தே வளர்த்தன. ஈரக்காற்றில் பைகார்பனேட் கட்டிதட்டி நிறம் மாறியதால் 1984-இல் அதன் இடத்துக்கு ட்ரைசோடியம் சிட்ரேட் வந்தது. அது மருந்தாக்க அறிவு. வாந்தியும் மலத்தின் அளவும் குறைய வேண்டும் என்று 2002-இல் கரைசலின் செறிவு லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோலிலிருந்து 245-க்கு இறக்கப்பட்டது. அது வார்டின் அறிவு. இன்று ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. இந்த நான்கு எண்களில் இரண்டு படிப்பும் இருக்கிறது. அந்தப் பொங்கலில் எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டி போன்ற பானங்கள் அதே ஆண்டு அக்டோபரில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. அதற்காகப் பல ஆண்டு போராடியவர் ஒரு குழந்தை மருத்துவர். அட்டையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மருத்துவரிடமும் இருந்ததால்தான் அது நடந்தது.

ஒரு பிற்பகல்

ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த முடிவு எளியது. பி.பார்ம். மருந்தியலுக்கு நோயாளி தேவை. எம்.பி.பி.எஸ். மருந்தியலுக்கு மருந்து என்ற பொருள் தேவை. இரண்டும் பெரும்பாலும் ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே மதில்சுவருக்குள் இருக்கின்றன. அப்படியிருந்தும் இந்த மாணவர்கள் முதன்முதலில் சந்திப்பது ஒரு மருந்துச்சீட்டில்தான். எழுதியவர் முகம் எடுத்துக் கொடுப்பவருக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்கும் துணிவு ஒருவருக்கு இல்லை, கேட்டால் எரிச்சல் படாத பழக்கம் மற்றவருக்கு இல்லை.

சேர்ந்து செய்ய வேலையும் கையருகே இருக்கிறது. மருந்தின் தீய விளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கியது. அதன் படிவத்தை மருத்துவரும் நிரப்பலாம், மருந்தாளுநரும் நிரப்பலாம். எம்.பி.பி.எஸ். செய்முறையில் அது இருக்கிறது, பி.பார்ம். எட்டாவது செமஸ்டரில் விருப்பப் பாடமாக இருக்கிறது. தோல் தடித்த ஒரு நோயாளியை ஒருவர் விசாரிக்கட்டும், மருந்தின் தொகுதி எண்ணையும் கூடவே எடுத்த மற்ற மருந்துகளையும் மற்றவர் பார்க்கட்டும், படிவத்தின் கீழே இருவரும் கையெழுத்துப் போடட்டும்.

அதற்கும் முன்னால், முதல் வகுப்பாக ஓ.ஆர்.எஸ். பொடியை வைக்கலாம். செமஸ்டருக்கு ஒரு பிற்பகல் போதும். பார்மசி மாணவி 13.5 கிராம் குளுக்கோஸை நிறுத்து, ஈரம் படாமல் அடைத்து, எதிரே இருக்கும் மருத்துவ மாணவியிடம் நீட்டட்டும். அவள் அதைக் கரைத்து, எவ்வளவு, எப்படி, எப்போது என்று வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகு இடம் மாறி உட்காரட்டும். என் மகளும் அண்ணன் மகளும் எங்கள் கூடத்தில் அன்று தற்செயலாகச் செய்ததுதான் இது. மதியத்துக்குள் குழந்தை எழுந்து விளையாடப் போய்விட்டது. லிட்டர் பாத்திரத்தில் கால்வாசி மிச்சம் இருந்தது. அதை நாளை காலைக்கு மேல் வைக்காதே என்று ஒருத்தி சொல்ல, ஏன் என்று மற்றவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.